பாத்துப் போங்க

"கண் டாக்டரே சொல்லிட்டாருங்கம்மா, பாத்துப் போங்கன்னு."

மலையேறி வந்து, செருப்பைக் கழற்றி, கும்பிட்டு உட்கார்ந்ததும் பொன்னுரங்கம் சொன்ன முதல் பேச்சு இதுதான்.

சுனையம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"முழுசாச் சொல்லுங்கண்ணே."

"இதுக்கு மருந்தும் இல்ல, ஆபரேஷனும் இல்ல. ஓரத்துலேர்ந்து பார்வை சுருங்கிட்டே வரும், நாலஞ்சு வருஷத்துல மொத்தமாப் போயிரும்னு அரைமணி நேரம் படம் போட்டுக் காட்டுனாரு. அந்தப் படமே எனக்குப் பாதிதான் தெரிஞ்சுது. சரிங்க சார்னு எந்திரிச்சேன். கதவுகிட்டப் போறப்பச் சொல்றாரு, பாத்துப் போங்கன்னு."

சுனையம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்து நாலு மாதம் ஆகியிருந்தது.

அவர் ஆத்தூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். வயது நாற்பத்தொன்பது. ஊமங்கரட்டைச் சுற்றி வருஷா வருஷம் நடக்கிற ஐம்பது கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் பதினாலு வருஷம் ஓடி முடித்தவர். பதினைந்தாவது வருஷம், அதாவது போன வருஷம், விழுந்தார். தான் மட்டும் விழுந்திருந்தால் மறந்திருப்பார். பக்கத்தில் ஓடிவந்த ஒரு காலேஜ் பெண்ணையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு விழுந்தார். இவருக்குத் தோள் எலும்பு, அந்தப் பெண்ணுக்குக் கணுக்கால்.

இந்த வருஷம் ஓட்டம் நடத்துகிறவர்கள் கடிதம் போட்டிருந்தார்கள். துணைக்கு ஒருவரோடு, கையில் கயிறு கட்டிக்கொண்டு ஓடுவதானால் வரவும். தனியாக ஓட அனுமதி இல்லை.

ஓட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"கயிறு இல்லாம ஓட எனக்கு ஒரு வழி வேணுங்கம்மா. அதுக்குத்தான் வந்தேன்."

சுனையம்மாவிடம் கேட்டால் வழி சொல்வார் என்று ஊரில் பேச்சு. வழி சொன்னாரா, வேலை சொன்னாரா என்று போய் வந்தவர்களுக்கே தெளிவில்லை. ஊமங்கரட்டின் இடுப்பில் ஒரு சுனை. சுனைக்கு மேலே ஒரு ஓலைக் கூரை. கூரையின் கீழே இவர். காவி கிடையாது, சாயம் போன பச்சைப் புடவைதான். நாற்பது வயதுகூட இருக்காது. கனத்த உடம்பு. முழங்கால் இரண்டும் தேய்ந்தவை. முன்பு எங்கோ நர்ஸாக இருந்தவராம். கேட்டால் "இருந்திருக்கலாம்" என்பார்.

ஓட்டத்தன்று ஓடுகிறவர்களுக்கு உப்புப் போட்ட கஞ்சி ஊற்றுவார். பொன்னுரங்கம் அந்தக் கஞ்சியை எட்டு வருஷமாக ஓடிக்கொண்டே வாங்கி, ஓடிக்கொண்டே குடித்து, டம்ளரை ஓடிக்கொண்டே எறிந்தவர். நின்று ஒரு வார்த்தை பேசியது இன்றைக்குத்தான்.

"கயிறு எங்க?" என்றார் சுனையம்மா.

பொன்னுரங்கம் பையைத் துழாவி எடுத்தார். இரண்டு ஷூ லேஸ், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. சேர்த்து முறுக்கி, இரண்டு முனையிலும் கை நுழைகிற அளவுக்குச் சுருக்குப் போட்டிருந்தது.

"யாரு முறுக்குனது?"

"சவரிமுத்து. பேக்கரிக்காரன். பதினாலு வருஷமா எனக்குப் பின்னாடியே ஓடி வர்றவன். ஒரு வருஷம் நாலு நிமிஷம், ஒரு வருஷம் ஒம்பது நிமிஷம். ஒருக்காகூட என்னைய முந்துனதில்ல. ஞாயித்துக்கெழமையானா கீழ மலை ரோட்டுலதான் ஓடுவான், இன்னமும் ஓடுறான். அவன் இதக் கொண்டாந்து, வாடா, நான் துணைக்கு வர்றேங்கிறான். கன்னுக்குட்டிக்குக் கட்டுற மாதிரி. இத்தன வருஷமா என் முதுகப் பாத்துட்டு வந்தவன்மா."

"உங்க முதுக நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"ம்."

அவ்வளவுதான் பதில். லேஸை வாங்கிக் கஞ்சிப் பானையின் மூடியோடு சேர்த்து இறுகக் கட்டினார். மலையில் குரங்குத் தொல்லை அதிகம்.

"குடத்த எடுத்துட்டுப் போயித் தண்ணி கொண்டாங்கண்ணே. கீழ அறுவத்திரண்டு படி. பாத்துப் போங்க."

பொன்னுரங்கம் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தெரிந்துதான் சொன்னாரா, பழக்கத்தில் வந்துவிட்டதா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

போனார்.



அறுபத்திரண்டு படியும் ஒவ்வொரு உயரம். ஒன்று அரையடி, அடுத்தது ஒன்றேகால். வெட்டியவனுக்கு என்ன அவசரமோ.

பொன்னுரங்கம் அங்கேயே தங்கிவிட்டார். முதல் நாள் குடம் நெளிந்தது. இரண்டாம் நாள் முழங்கை சிராய்த்தது. மூன்றாம் நாள் எதுவும் ஆகவில்லை, ஆனால் மேலே வந்தபோது குடத்தில் பாதிதான் இருந்தது.

ஓடிக் களைத்திருந்தால் படுத்ததும் தூக்கம் வந்திருக்கும். இது அந்தக் களைப்பு இல்லை. ஒவ்வொரு படிக்கும் முன்னால் குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, பார்வையில் மிச்சமிருக்கிற சின்ன ஓட்டைக்குள் அந்தப் படியைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிறகு அடுத்த படி. கண்ணைத் திறந்து வைத்திருப்பதே ஒரு கூலி வேலை போல ஆகிவிட்டது. மத்தியானத்துக்குள் நெற்றி வலிக்க ஆரம்பித்துவிடும்.

"எப்பம்மா சொல்வீங்க?"

"என்னத்த?"

"வழிய."

"தண்ணி தீந்துடுச்சுண்ணே."

அவர் குடத்தை எடுத்தார்.

"பாத்துப் போங்க."

நான்காம் நாள் பொன்னுரங்கம் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"வேணும்னுதான் சொல்றீங்களாம்மா?"

"எத?"

"அதத்தான். வீட்டுல காலைல கெளம்பினா அவ சொல்றா. கடைக்கு வர்றவன் சொல்றான். பஸ்ஸுல எறங்குறப்பக் கண்டக்டர் சொல்றான். கண்ணு தெரியாதவனப் போயி, பாத்துப் போ, பாத்துப் போன்னா என்னங்கம்மா அர்த்தம்? எனக்குச் சலிச்சுப் போச்சு."

சுனையம்மா அடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு உண்மையாகவே யோசித்தார்.

"வேற என்ன சொல்லணும்? சொல்லிக் குடுங்க."

"கவனமாப் போங்கன்னு சொல்லலாம்."

"அது ரயில்வே ஸ்டேஷன் மைக்குல சொல்ற மாதிரி இருக்குண்ணே."

"பத்திரமாப் போங்கன்னு சொல்லுங்க."

"சரி. பத்திரமாப் போங்க."

போனார். வந்தார். அடுத்த குடத்துக்கும் பத்திரமாப் போங்க. அதற்கடுத்த குடத்துக்கும். ஊருக்கு பஸ் ஏறப் போகிறவரை வழியனுப்புகிற மாதிரி இருந்தது. சொல்லி அனுப்பிவிட்டு அந்தம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார் போலத் தோன்றியது.

நாலாவது குடத்தோடு படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"பழசையே சொல்லித் தொலைங்க."

"பாத்துப் போங்கண்ணே."

இறங்கினார்.



ரோட்டிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வர அங்கே ஒரு தள்ளுவண்டி இருந்தது. ஒற்றைச் சக்கரம், அதுவும் சைக்கிள் சக்கரம். ஏழாம் நாள் அது பஞ்சர்.

"இது உங்க வேலதான?"

சைக்கிள் கடைக்காரர் பையில் சொலூஷனும் ஒட்டு ரப்பரும் இல்லாமல் இருக்குமா. பொன்னுரங்கம் டயரை நெம்பி, டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி வரும். முப்பது வருஷமாக அதை அவர் தேடியதே இல்லை. தானாகக் கண்ணில் படும்.

இப்போது படவில்லை. தண்ணீர் பளபளத்தது, அவ்வளவுதான். மூன்று சுற்று சுற்றிப் பார்த்தார். நான்காவது சுற்றில் டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்து, ஒரு துண்டால் துடைத்து, வாய்க்கு அருகே கொண்டுபோய் மெதுவாக நகர்த்தினார்.

சுனையம்மா கீரையைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"ஓட்டை எங்கன்னு பாக்குறேன்."

"எதுல?"

டியூப் நின்றது.

"ஒதட்டுல."

"ம்."

கீரையோடு உள்ளே போய்விட்டார்.

பொன்னுரங்கம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சொலூஷன் தடவினால் கொஞ்சம் காய வேண்டும்தான். அன்றைக்கு அது காய்ந்து வெடித்து, மறுபடி தடவ வேண்டியதாயிற்று.



மறுநாள் வெயில் வந்ததும் ஓடினார்.

யாரிடமும் சொல்லவில்லை. ஒற்றையடிப் பாதையில் முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக. படியைத் தேடுவதுபோல் தரையைத் தேடாமல், உள்ளங்காலிடம் விட்டுவிட்டார். சரளை என்றால் சத்தம் மாறியது. மேடு என்றால் மூச்சு முதலில் சொன்னது. மரநிழல் வந்தால் தோளில் குளிர்ந்தது. அஞ்சு கிலோமீட்டர் இருக்கும். ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

சந்தோஷமாக இருந்தது. நாலு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கினால் வேறு எப்படி இருக்கும்? ஓடிக்கொண்டே கொஞ்சம் அழுதார். அது அவர் விஷயம்.

வேர்வையோடு கூரைக்குள் நுழைந்தார்.

"கெடச்சிருச்சுங்கம்மா. கயிறு வேண்டாம். கால்லயே பாத்துட்டேன், காதுல பாத்துட்டேன். தனியாவே ஓடிருவேன்."

"நல்லது. வழியில யாரப் பாத்தீங்க?"

"யாரையும் இல்ல. காலங்காத்தால யாரு வருவா?"

"கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்கண்ணே."

திரும்பினார். அவருடைய பார்வை ஓட்டைக்குள் முதலில் ஒரு முழங்கை வந்தது. தோல் உரிந்து, மஞ்சள் பூசியிருந்தது. பிறகு ஒரு முகம். விறகு பொறுக்குகிற ஒரு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவிழ்ந்த விறகுக் கட்டு.

"நீங்கதானாண்ணே அது?" என்றார் அந்த அம்மா. கோபமாகக்கூட இல்லை. "வளைவுல சல்லுன்னு வந்தீங்க. தலச்சுமையோட நான் எங்க ஒதுங்குறது? சரிவுல எறங்கிட்டேன்."

அந்த வளைவில் ஏதோ சரசரத்தது பொன்னுரங்கத்துக்கு ஞாபகம் வந்தது.

"ஆடுன்னு நெனச்சேன்."

"ஆடா இருந்தாலும் அதுக்கும் காலு ஒடியுமுல்ல," என்றார் அந்த அம்மா.

பொன்னுரங்கம் விறகைப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தார். இரண்டு சுள்ளி விட்டுப்போனதை அந்த அம்மாவே எடுத்துச் செருகிக்கொண்டார். தலையில் ஏற்றிவிட்டு வந்து, பொன்னுரங்கம் தூணோரம் உட்கார்ந்தார். காலை நீட்டவும் இல்லை, மடக்கவும் இல்லை.

பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"அந்தக் காலேஜ் பொண்ணு இன்னமும் சாய்ஞ்சுதாம்மா நடக்குது. பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். அண்ணேன்னு சிரிச்சுது."

சுனையம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் விழுந்தா விழுந்துட்டுப் போறேன். அதுக்குப் பயந்தவன் இல்ல நான்."

"ம்."

"விட்டுடறேம்மா. ஓட்டத்த விட்டுடறேன். எனக்கு முடியல."

வேண்டாம் என்று சொல்வார், ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார். சுனையம்மா முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கி என்ன கெழம?"

"சனி."

"அப்ப நாளைக்கிக் காலைல கெளம்பிடலாம். ரோடு வரைக்கும் நானும் வந்து பஸ் ஏத்தி விடறேன்."

"நாலு கிலோமீட்டர் எறக்கம்மா. உங்க காலுக்கு?"

"ரெண்டு வருஷமா எறங்கல. நாளைக்கி எறங்குறேன்."



காலையில் கஞ்சிப் பானை மூடியிலிருந்து லேஸை அவிழ்த்தார் சுனையம்மா. கஞ்சி வாசம் அடித்தது. ஒரு சுருக்கைப் பொன்னுரங்கத்தின் கையில் மாட்டினார். இன்னொன்றைத் தன் கையில் மாட்டிக்கொண்டார்.

"என்னங்கம்மா இது?"

"எறக்கத்தப் பாத்தா எனக்குப் பயம். கண்ண மூடிக்கிறேன். கூட்டிட்டுப் போங்க."

"எனக்கே பாதிதாம்மா தெரியுது."

"எனக்கு அதுவும் தெரியல."

பொன்னுரங்கம் தன் பார்வை ஓட்டைக்குள் அவர் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். சுனையம்மா கண்ணை மூடியே விட்டிருந்தார்.

வேறு வழியில்லை. பொன்னுரங்கம் நடந்தார்.

பத்தடி போனதும் லேஸ் விறைத்தது. தான் இழுக்கிறோம் என்று அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. தளர்த்தினார். தளர்ந்தால் அந்தம்மா நின்றுவிட்டார். இழுக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது. நடுவில் ஏதோ ஒன்று. அது கைக்கு வர ஒரு கிலோமீட்டர் ஆயிற்று.

"கல்லு. உங்க வலது கால்கிட்ட."

"ம்."

"ஒரு வேரு. தூக்கி வைங்க. இன்னொண்ணு."

"ம்."

"இங்க கொஞ்சம் பள்ளம்."

"எவ்வளவு?"

"ஒரு சாண்."

தனக்கு ஒரு தடவை, அவருக்கு ஒரு தடவை. எல்லாவற்றையும் இரண்டு தடவை தேட வேண்டியிருந்தது. தன் கால் எங்கே விழுகிறது என்பதைப் பொன்னுரங்கம் மறந்தே போனார். அது பாட்டுக்கு எங்கோ சரியாக விழுந்துகொண்டிருந்தது. நெற்றி வலித்தது. கழுத்து வலித்தது. ஐம்பது கிலோமீட்டர் ஓடியபோதுகூட இப்படி அசந்ததில்லை. இதைச் செய்ய ஒருவன் தானாக லேஸை முறுக்கிக்கொண்டு வந்தானே என்று ஒரு நினைப்பு வந்தது. சரளை வந்ததால் அந்த நினைப்பு நடுவில் நின்றது.

சரளையில் சுனையம்மாவின் கால் வழுக்கியது. கனத்த உடம்பு, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பொன்னுரங்கம் கையை எட்டிப் பிடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"பாத்தும்மா."

சொன்னபிறகுதான் காதில் விழுந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணைப் பார்த்து, அவர் சொன்னது அதுதான்.

இருவரும் நின்றார்கள்.

"பாத்துட்டுத்தாண்ணே வர்றேன்," என்றார் சுனையம்மா.

பொன்னுரங்கம் அவர் பக்கம் திரும்பினார்.

"எதுலம்மா?"

சுனையம்மா கையைத் தூக்கினார். லேஸோடு சேர்ந்து பொன்னுரங்கத்தின் கையும் மேலே வந்தது.

மிச்ச தூரம் இறங்கினார்கள்.



ரோட்டில் பஸ் இன்னும் வரவில்லை. கீழிருந்து ஒருவர் ஓடி வந்துகொண்டிருந்தார். காலடிச் சத்தத்திலேயே பொன்னுரங்கத்துக்கு ஆள் தெரிந்தது. பதினாலு வருஷம் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம்.

சவரிமுத்து வந்து நின்றார். மூச்சு வாங்கியது. இரண்டு பேரையும் பார்த்தார், லேஸைப் பார்த்தார்.

"என்னடா இது? இதுல யாரு யாரக் கூட்டிட்டு வர்றீங்க?"

சுனையம்மா கண்ணைத் திறந்து, தன் கையிலிருந்த சுருக்கைக் கழற்றினார்.

"இதக் கொஞ்சம் பிடிங்கண்ணே. புடவையச் சரி பண்ணிக்கிறேன்."

சவரிமுத்து வாங்கிக்கொண்டார்.

சுனையம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். முழங்காலில் ஒரு கையை ஊன்றித் திரும்பினார். வந்த பாதையில் ஏற ஆரம்பித்தார். சவரிமுத்து சுருக்கை நீட்டிக்கொண்டே நின்றார். அந்தம்மா வாங்கிக்கொள்ளத் திரும்பி வரவே இல்லை.

"டேய், போறாங்கடா."

"தெரியுது."

இரண்டு பேரும் ரோட்டோரம் நின்றார்கள். சவரிமுத்து சுருக்கைக் கையில் மாட்டவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

"உன் பேரு லிஸ்டுல வராது," என்றார் பொன்னுரங்கம். "துணைக்கு ஓடுறவன் பேரப் போட மாட்டாங்க. எனக்கு முன்னாடி கோட்டத் தாண்டவும் கூடாது."

"பதினாலு வருஷமா உன் பேருக்குக் கீழதான்டா என் பேரு வந்துச்சு. யாரு படிச்சா?"

"பக்கத்துல ஓடணும். ரெண்டு பேரு காலும் ஒண்ணா விழணும். என் காலு உனக்குத் தெரியாது."

சவரிமுத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏத்தம் வந்தா வலது தோள எறக்குவ. முப்பது கிலோமீட்டர் தாண்டுனா எடது பாதம் வெளிய விரியும். தாகம் எடுத்தா தண்ணி கேக்க மாட்ட, பின்கழுத்தத் தடவுவ. முடியாமப் போறப்ப வேகத்தக் கூட்டுவ, கூறுகெட்டவன். வேற என்ன தெரியணும்?"

பொன்னுரங்கம் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"எடது பாதமா?"

"எடதுதான்."

"எனக்கே தெரியாதுடா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏறுறீங்களா?" என்றார். ரெண்டு பேருக்கும் காது கேட்காத மாதிரி இருந்தது. விசில் அடித்தார். பஸ் போய்விட்டது.

சவரிமுத்து சுருக்கைக் கையில் மாட்டிக்கொண்டார்.

"ஏன்டா கஞ்சி வாசம் அடிக்குது?"

"அது ஒரு கதை. ஓடு."

முதல் இருபதடி கண்றாவியாக இருந்தது. ஒருவர் வலது கால் வைத்தால் இன்னொருவர் இடது. லேஸ் வெடுக் வெடுக்கென்று இழுத்தது. சவரிமுத்துவுக்குப் பக்கத்தில் ஓடிப் பழக்கமில்லை. தன்னையறியாமல் பின்தங்கினார். பொன்னுரங்கத்துக்கோ இழுத்துக்கொண்டு முன்னால் போய்த்தான் பழக்கம். அவர் கையைத் தளர்த்தினார், காலையில் தளர்த்தியது போலவே. சவரிமுத்து ஒரு எட்டு மாற்றி வைத்தார்.

நாலு கால் சத்தம் இரண்டாக ஆனது.

"வளைவு. வலது."

"ம்."

"ஏத்தம்."

"ம்."

"தோள எறக்காதடா."

தோளைத் தூக்கிக்கொண்டார்.

"ஒரம்மா விறகோட வருது. என் பக்கமா வா. இன்னும். நில்லு."

இரண்டு பேரும் ஒதுங்கி நின்றார்கள். சுள்ளி உரசுகிற சத்தம் பக்கத்தில் வந்து, கடந்து, கீழே இறங்கியது. போகிறபோது, "நேத்திக்கி இவர எங்க விட்டுட்டுப் போனீங்க?" என்று அந்த அம்மா சவரிமுத்துவைக் கேட்டுவிட்டுப் போனார்.

"என்னடா சொல்லுது?"

"ஓடு."

ஓடினார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பொன்னுரங்கத்துக்கு இன்னும் அலுப்பாகத்தான் இருந்தது. கண்ணில் இருந்த ஓட்டை நேற்று இருந்த அளவில்தான் இருந்தது, நாளைக்குக் கொஞ்சம் சின்னதாகும். அடுத்த வளைவைத் தாண்டினால் ரோட்டில் உதிர்ந்த கற்கள்.

"கல்லு கெடக்குது, பாத்துடா."

சொல்லிவிட்டுச் சவரிமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த வார்த்தையைக் கேட்டாலே நாலு மாதமாக எரிந்து விழுந்துகொண்டிருந்தவர் பொன்னுரங்கம்.

"வாய் தவறிருச்சுடா. மன்னிச்சுக்க."

லேஸ் விறைக்கவில்லை. தொங்கவும் இல்லை. பொன்னுரங்கம் கல்லைத் தாண்டிக் கால் வைத்தார்.

"பாத்துட்டுத்தான்டா வர்றேன்."